எதிர் மேசைக்காரர் பார்க்கட்டும்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதியே கை பழகிவிட்டது, அதனால் இப்போதும் அப்படியே எழுதிவிட்டேன். உன் கழுத்து வலி தேவலையா? மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே கிடக்காதே, பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

நீ பெரியம்மா ஆனதைத் தந்தியில் சொல்லியாயிற்று. தந்தியில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பிறந்த அன்று முழுக்க அவன் வெளிக்குப் போகவில்லை. மறுநாளும் இல்லை. "சமத்துப் பிள்ளை, அம்மாவுக்கு வேலையே வைக்கலை"ன்னு இவர் பெருமை அடித்தார். வயிறு லேசாக உப்பிக்கொண்டு வந்ததும் 'முதலாளி' என்று பெயர் வேறு வைத்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அடுத்த நாள் காலையில் முதலாளி வாந்தி எடுத்தார். பால் இல்லை அக்கா, பச்சை. அரைத்த இலை மாதிரிப் பச்சை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பின்புறமாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்க்குடல் சுருங்கி, மேலே உள்ளது புடைத்துக் கிடக்கிறதாம். "கீழே நரம்பு வளராம இருக்கலாம், துளி சதை எடுத்து அனுப்பிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்"னு ஆபரேஷன் டாக்டர் சொன்னார். எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டால், உன் லேப்! "ஐயோ, அது எங்க அக்கா!" என்று நான் கத்தின கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஜன்னல் கட்டில்காரி ஒருத்தி இருக்கிறாள், என் விஷயம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள். "அப்போ உனக்கென்ன கவலை, சொந்தக் கடை"ங்கிறாள்.

தினமும் குழாய் விட்டு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் குடலைக் கழுவுகிறார்கள். கழுவினால் வயிறு இறங்குகிறது, பால் குடிக்கிறான். சீக்கிரம் பார்த்துச் சொல்.

உன் தங்கை

பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

என் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பால் கொடுப்பவள் நீ, அதை மறக்காதே.

சதைத் துண்டு போட்ட குப்பி வந்தது. முதலில் நான் எதைத் தேடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். குடலின் சுவருக்குள் நரம்பு செல் என்று ஒன்று உண்டு. உள்ளே இருப்பதைக் கீழே தள்ளச் சொல்லிக் கட்டளை போடுவது அதுதான். சில குழந்தைகளுக்குக் கடைசிப் பகுதியில் அது வளராமலே போய்விடும். அங்கே குடல் இறுகிக்கொண்டு நிற்கும், மேலே எல்லாம் தேங்கும். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தால் பிள்ளை சரியாகிவிடும். பயப்படாதே, வைத்தியம் இருக்கிற வியாதி.

ஆனால் வந்த துண்டு போதாது. மேல்தோல் மட்டும்தான் வந்திருக்கிறது. நரம்பு செல் இருப்பது அதற்கு அடியில். இன்னும் ஆழமாக, ஆசனவாயிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

கழுவுவதை ஒரு வேளைகூட விடாதே. காய்ச்சல் வந்தால், வயிறு கல் மாதிரி ஆனால், கெட்ட நாற்றத்தோடு தண்ணீராகப் போனால், யாருக்காகவும் காத்திராமல் டாக்டரைக் கூப்பிடு.

அக்கா

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசில்லை. நீ நன்றாக இருப்பாய்.

போதாதா? என் பிள்ளையின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்தது உனக்குப் போதாதா? ஆபரேஷன் டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வந்துதான் மறுபடி எடுப்பாராம், எப்போது வருவார் என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இந்த வார்டை நீ பார்த்ததில்லை. கதவில் பூட்டு. பாஸ் இல்லாமல் வெளியே விடமாட்டார்கள், பாஸ் கொடுக்கிற ஆள் இருக்கையில் இருந்தால்தானே? ஒரே ஜன்னல், அதுவும் பெயிண்டு ஒட்டிக்கொண்டு திறக்காது, அதையும் அந்த மகாராணி பிடித்து வைத்திருக்கிறாள். குளிக்கப் போனால் பிள்ளை அழுவானோ என்று பாதித் தலையோடு ஓடி வருகிறேன். இவர் பஸ் டிப்போவில் லீவு கிடைக்கிற அன்றுதான் வருகிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுகிறார், போகிறார். பால், கழுவல், பால், கழுவல். எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீ பார்த்துவிட்டாய், எனக்குச் சொல்ல மனசில்லாமல் 'போதாது' என்று மழுப்புகிறாய் என்று ஜன்னல்காரி சொல்கிறாள். அப்படியா? இல்லையென்றால் 'நரம்பு இருக்கிறது' என்று ஒரு வார்த்தை எழுதேன். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அல்லது இல்லை என்றாவது எழுது. எதையாவது எழுது அக்கா.

தங்கை

மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நன்றாக இல்லை.

மழுப்ப எனக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே பொய் சொல்லி மாட்டிக்கொள்பவள் நான், தப்பித்துக்கொள்பவள் நீ. அந்தத் துண்டை நான் மட்டும் பார்க்கவில்லை, என் எதிர் மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவரும் தலையை ஆட்டிவிட்டு, "இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா"ன்னு எழுந்து போய்விட்டார்.

என் ஒரு வார்த்தையை நம்பி ஒரு குழந்தையின் வயிற்றைக் கிழிப்பார்கள். இன்னொரு வார்த்தையை நம்பி நோயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பார்க்காத ஒன்றை இருக்கிறது என்றோ இல்லை என்றோ உனக்காகக்கூட எழுத முடியாது. உனக்காக என்பதால் இன்னும் முடியாது. திட்டிக்கொள்.

டாக்டர் வந்தாரா? இரண்டாவது துண்டு எப்போது வரும்? கழுவுவது ஒழுங்காக நடக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ வீணாகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

முதலாளி ரொம்ப நன்றாக இருக்கிறான். அழுவதே இல்லை. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறான், பாலுக்குக்கூட நான்தான் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. உன் காது என்று இவர் சொல்கிறார், எனக்கென்னவோ அப்படித் தெரியவில்லை. எனக்கும் வெகுநாள் கழித்துக் கொஞ்சம் தூக்கம்.

டாக்டர் வந்ததும் மற்றது எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

இதற்கு முன்பே என் தந்தி உன் கைக்கு வந்திருக்கும். வராவிட்டால், இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

நீ வீட்டில் இருக்கிறாய். எழுதவில்லை, ஆனால் இருக்கிறாய். உன் கடிதத்தில் ஜன்னல் கட்டில்காரி இல்லை. அந்தப் பெண்ணைத் திட்டாமல் ஒரு பக்கம் எழுதக்கூடியவளா நீ? கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. சௌக்கியம் என்று மட்டும் இருக்கிறது.

பாலுக்கு எழுந்திருக்காமல் தூங்குவது தூக்கம் இல்லை. அது அசதி. தேங்கியது குடலுக்குள்ளேயே கெட்டு, ரத்தத்தில் ஏறினால் பிள்ளைகள் அப்படித்தான் துவண்டு கிடக்கும். நாளை முதல் வண்டியில் வருகிறேன் என்று தந்தியிலும் சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்றால் உடனே தந்தி கொடு. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். போ.

அக்கா

மார்ச் 20

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வர வேண்டாம் என்று தந்தி கொடுத்தது நான்தான். அவள் கொடுக்கச் சொன்னாள்.

பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

டாக்டர் வரும்வரை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தோம். அவள் அந்த வார்டில் சுவரைப் பார்த்துத் தானாகப் பேச ஆரம்பித்திருந்தாள், எனக்குப் பயமாக இருந்தது. கழுவுவதற்குக் குழாய் கொடுத்தார்கள், சொல்லியும் கொடுத்தார்கள். முதல் நாள் செய்தாள். ரத்தம் லேசாக வந்ததும் பயந்து நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. உங்கள் தந்தி வந்த மதியம் நான் டிப்போவில் இருந்தேன். வந்து பார்த்தால் பிள்ளை உடம்பு நெருப்பு, வயிறு காற்றடித்த டியூப் மாதிரி இருந்தது. நாற்றம் சொல்ல முடியாது. டிப்போ வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனோம். டாக்டர் திரும்பி வந்திருந்தார், அது எங்கள் நல்ல நேரம். உடனே வயிற்றில் ஓட்டை போட்டுக் குடலை வெளியே வைத்துவிட்டார். இப்போது அதன் வழியாகத்தான் போகிறது. வளர்ந்த பிறகு பெரிய ஆபரேஷன்.

அவளை எழுதச் சொன்னேன். "அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேனா?"ன்னு கேட்கிறாள். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் வாயைத் திறப்பதில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
தங்கள் தங்கையின் கணவர்

ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

முன்னால் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ நலமா, அவன் நலமா என்று கேட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த துண்டுகள் என் மேசைக்குத்தான் வந்தன. இந்த முறை ஆழமாக, சரியான இடத்தில் எடுத்திருந்தார்கள். கீழே எடுத்ததில் நரம்பு செல் இல்லை. ஒவ்வொரு கண்ணாடித் தகடாக, மூலை மூலையாகப் பார்த்தேன். இல்லை. வயிற்றுக்கு வெளியே வைத்த இடத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பி வந்ததும் எதிர் மேசைக்காரர், "கண்ணு ஏன் செவந்திருக்கு?"ன்னார். லென்ஸ் சரியில்லை என்றேன். பாவம், மனிதர் என் மைக்ரோஸ்கோப்பைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்.

நீ சொல்வது சரி. முதலிலேயே 'இல்லை' என்று எழுதியிருந்தால் நீ வார்டிலேயே இருந்திருப்பாய். ஆனாலும் அதே துண்டு நாளைக்கு வந்தால் 'போதாது' என்றுதான் எழுதுவேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பயமாக இருக்கிறது. இப்படி இருந்தால் எனக்கு யார் மிஞ்சுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 6

அக்கா,

எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு, கேட்க எனக்கு இன்னும் முகம் வரவில்லை.

வார்டை விட்டு ஓடி வந்தேன் அல்லவா, வீடே இப்போது வார்டு. பின்னறையில்தான் இருக்கிறோம். வயிற்றில் சிவப்பாக ஒரு வாய், அதன் மேல் பை. ஒட்டினால் ஒட்டாது, ஒட்டிவிட்டால் பெயர்க்கும்போது தோலோடு வருகிறது. அவன் கால் உதைத்தால் கசியும், சிரித்தால் கசியும். சிரிக்கிறான் அக்கா, எப்போது பார்த்தாலும் சிரிக்கிறான், நான் துணியும் கையுமாக நிற்கிறேன். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறேன். மூக்கைச் சுளித்துவிடுவார்களோ என்று பயம். நான் தெருவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியாது.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. சில நாள் போய்விடுகிறது, பை கசிந்தால் திரும்பி வந்துவிடுகிறது. குழாயை நிறுத்தியது நான்தான். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை, அதனால் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய ஆபரேஷனை உங்கள் ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டுமாம். நடுவிலேயே துண்டு அனுப்புவார்களாம், அங்கேயே பார்த்து நரம்பு இருக்கிறதா இல்லையா என்று சொன்னால்தான் எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று தெரியுமாம். "உங்க அக்காவே பாப்பாங்க, பிறகென்ன?"ன்னு டாக்டர் சிரித்தார்.

நீ பார்க்கக் கூடாது. அந்த எதிர் மேசைக்காரர் பார்க்கட்டும். நீ திறமைசாலி என்று தெரியும். ஆனால் நீ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் அழுவேன்? டாக்டர் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். எனக்கு அக்கா ஒருத்திதான்.

தங்கை

ஜூன் 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உடம்புக்கு என்ன வந்தது என்றே மறந்துவிட்டது.

முதலில் உனக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அதில் எதிர் மேசைக்காரரைவிட எனக்குத்தான் இதில் பழக்கம் அதிகம், அவர் அவசரக்காரர், கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுத் தேடுகிறவர், இப்படி நிறைய. கிழித்துப் போட்டேன். அவர் நல்லவர், நன்றாகப் பார்ப்பார். அவரிடம் கேட்டுவிட்டேன். யாருடைய பிள்ளை என்று இந்த முறை சொன்னேன். "அந்த மைக்ரோஸ்கோப்பு அன்னிக்கு நல்லாத்தாம்மா இருந்துச்சு"ன்னார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கிற அந்த நீளப் பெஞ்சைத் தினமும் கடந்து போகிறேன். அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தை ஏறிட்டும் பார்த்ததில்லை. எனக்கு உட்காரத் தெரியுமா என்று பயமாக இருக்கிறது. நீ சொல்லிக்கொடு.

பைக்குப் பதில் பழைய பருத்தித் துணியை மடித்து வைத்துக் கட்டிப் பார், தோல் ஆறும். கதவைத் திற. மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். மூவரும் நலம், இந்த முறை கை பழகியதால் எழுதவில்லை. உன் கழுத்துக்கு அந்தத் தைலத்தைத் தடவு.

முதலாளி இப்போது சொந்த வழியிலேயே போகிறான். நேற்று இவர் சட்டையெல்லாம் வீணாயிற்று. மனிதர் அதைக் கழற்ற மாட்டேன் என்று அப்படியே டிப்போ நண்பர்களிடம் காட்டக் கிளம்பினார், பிடித்து இழுத்துக் குளிக்க அனுப்பினேன். பின்புறம் புண்ணாகத்தான் இருக்கிறது, ஒரு நாளைக்குப் பல தடவை போகிறான், மாதாமாதம் அங்கே வர வேண்டும். இப்போதும் அவன் கொஞ்சம் அதிகம் தூங்கினால் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். அது என்னை விடாது போலிருக்கிறது. ஆனால் கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்தப் பெஞ்சைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று வண்டியிலேயே நினைத்துக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது என்று இவர் சொல்கிறார். உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய், இன்னும் அந்த இடம் கன்றியிருக்கிறது. முதல் துண்டு போயிற்று. அதில் நரம்பு இல்லை, இன்னும் மேலே எடுக்க வேண்டும் என்று நர்ஸ் ஓடினாள். இரண்டாவது துண்டும் போயிற்று. இவர் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். அப்புறம் உன் எதிர் மேசைக்காரர் தானே வெளியே வந்தார், கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு. நேராக உன்னிடம்தான் வந்தார். "இருக்கும்மா. நரம்பு செல் நல்லா இருக்கு. அங்கேயே தைக்கச் சொல்லிட்டேன்"னார்.

நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி சொல்றார்?" என்று கேட்டாய்.

நீ கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். ஆனால் என் மணிக்கட்டில் உன் பிடி இன்னும் இறுகியது. "நரம்பு செல் இருக்காம்க்கா"ன்னேன். தலையை ஆட்டினாய். புரியாமல்தான் ஆட்டினாய், எனக்குத் தெரியும். "இருந்தா நல்லதுதானே?" என்று என்னைக் கேட்டாய்.

"நல்லதுக்கா. ரொம்ப நல்லது"ன்னு நான் உனக்குச் சொன்னேன்.

உன் தங்கை